வேண்டுமென்றே உடைத்த கால்

அவர் முதலில் உடைத்தது என் மூக்கை.

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு மாலைப் பயிற்சி. மூலையிலிருந்து உதைத்த பந்து காற்றில் வளைந்து கோலுக்கு முன்னால் வந்தது. நான் கோல் காப்பாளன். கைகளை உயர்த்திக்கொண்டு வெளியே ஓடினேன். அன்றுதான் அணிக்கு வந்திருந்த நெடிய, மெலிந்த மனிதர் ஒருவரும் அதே பந்துக்கு எழும்பினார். பந்து அவர் தலையில் பட்டது. அவருடைய முழங்கை என் முகத்தில் பட்டது. நான் சேற்றில் உட்கார்ந்து என் இரத்தத்தை நானே விழுங்கிக்கொண்டிருந்தபோது அவர் குனிந்து பார்த்தார்.

"வாயைத் திறக்கவேணும், தம்பி," என்றார். "கீப்பர் வெளியில வந்தா 'என்ரை' எண்டு கத்தவேணும். கத்தாட்டி இப்பிடித்தான்."

மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் தன் சட்டையைக் கழற்றி என் மூக்கோடு அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வந்தார். அந்தக் குளிரில் உள்பனியனுடன் வந்தார்.

அவரை நாங்கள் புருணை அண்ணை என்று கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்தின் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கர். நான் மன்னார். எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்தவன் எல்லாம் பந்தடிப்பான். டென்மார்க்குக்கு வந்த பிறகும் அது விடவில்லை. ஊரிலிருந்த ஒரு கழகம் தன்னுடைய கடைசி அணியை எங்களிடம் விட்டிருந்தது. பாதிப்பேர் தமிழர், மீதி டெனிஷ்காரர். பயிற்சியாளர் பால் லொறி ஓட்டுகிறவர். மாவட்டத்தின் ஆகக் கீழான பிரிவில் ஆடினோம். எதிரணிகள் எல்லாம் சுற்றியுள்ள கிராமங்கள். மைதானத்துக்கு அந்தப் பக்கம் பன்றிப் பண்ணை, இந்தப் பக்கம் பீட்ரூட் வயல், மேற்கிலிருந்து காற்று. ஆட்டம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். எங்களுக்கு அது பழக்கமில்லை. அண்ணைக்குப் பழக்கம்.

அவர் அந்த முரட்டு ஆட்டத்தைக் கற்றது புருணையில். இளவயதில் ஒப்பந்த வேலைக்கு அந்தச் சின்ன நாட்டுக்குப் போனார். மரம் அறுக்கும் ஆலை ஒன்றில் வேலை என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, ஆலைக்கு ஒரு பந்தாட்ட அணி இருக்கிறது, அந்த அணிக்குத்தான் ஆள் தேவை என்று. அந்த நாட்டு லீக் அப்படித்தானாம். பொலிசுக்கு ஒரு அணி, படைக்கு ஒரு அணி, தெருப்போடும் இலாகாவுக்கு ஒரு அணி, ஆற்றோரக் கிராமங்களுக்கு ஒவ்வொரு அணி. வெளிநாட்டார் இரண்டு பேர் ஆடலாம். அண்ணை அந்த இருவரில் ஒருவர்.

உடைமாற்றும் அறையில் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டே சொல்லுவார். ஒவ்வொரு பின்னேரமும் மழை. முழங்கால் அளவு தண்ணீரில் பந்து மிதக்கும். தொழுகைக்கு அழைப்புக் கேட்டால் ஆட்டம் நிற்கும். வேலியோரம் குந்திக்கொண்டு காத்திருப்பார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். ஒருமுறை கிராமத்து அணியொன்று தோற்றபோது சனம் மைதானத்துக்குள் இறங்கி நடுவரைக் குடையால் அடித்தது. அவர் ஓடி ஆற்றில் பாய்ந்து அக்கரைக்கு நீந்தினார். அடுத்த கிழமை அதே நடுவர் அதே மைதானத்துக்கு வந்து ஊதினாராம்.

"அவங்கள் நல்ல சனம்," என்பார் அண்ணை. "ஆனா வெளிநாட்டான் எண்டா முதல் பத்து நிமிசத்துக்குள்ள ஒருக்கா அடிச்சுப் பாப்பாங்கள். திருப்பி அடிச்சா விடுவாங்கள். அடிக்காட்டி முழு ஆட்டமும் அடி விழும்."

நாலாவது வருடம் பொலிஸ் அணியுடன் ஆடும்போது அவருடைய இடது முழங்கால் போனது. ஆட முடியாதவருக்கு ஆலையில் வேலையும் இல்லை. விசாவும் இல்லை. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் முழங்கால் மெல்லத் தேறியது, கலியாணம் முடித்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள். பிறகு சண்டை பெருத்தது. தப்பி டென்மார்க்குக்கு வந்தார். மனைவியையும் பிள்ளைகளையும் இங்கே எடுப்பிக்க விண்ணப்பம் போட்டார். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்கு அது சட்டப்படி கிடைக்கவேண்டிய உரிமை.

அந்த வருடம் முழுக்க ஒருவருக்கும் பதில் வரவில்லை. எங்களில் அரைவாசிப்பேருக்கு மனைவிமார் யாழ்ப்பாணத்திலோ கொழும்பு லொட்ஜ்களிலோ இருந்தார்கள். அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். யார் பரிசீலிக்கிறார் என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை. எனக்குக் கொஞ்சம் டெனிஷ் பிடிபட்டிருந்ததால் அண்ணைக்காக நான்தான் கேட்பேன். ரிசீவரை வைத்தபின் அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். அவர் போய்த் தேத்தண்ணி வைப்பார்.

அப்போது நான் பன்றி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். தொங்கிக்கொண்டு வரும் உடலைக் கத்தியால் பிளந்து அடுத்த ஆளுக்குத் தள்ளவேண்டும். எனக்கு அடுத்த ஆள் ஒரு பண்ணைக்காரரின் மகன். இருபத்தைந்து வயதிருக்கும். கதவை நிறைக்கிற உடம்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே என் ரப்பர் சப்பாத்துக்குள் பன்றிக் காதுகளைப் போட்டு வைத்தான். நான் காலை விட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருநாள் கொக்கியால் என் தோளில் இடித்தான். கை தவறிவிட்டது என்றான். எங்களைப் பற்றி அவன் பாவித்த சொல்லை அந்த நாட்டில் கறுத்த முடியுள்ள எல்லோருக்கும் தெரியும். எழுத விருப்பமில்லை.

அவன் தன் கிராமத்து அணியில் முன்வரிசையில் ஆடினான். இலையுதிர்காலத்தின் கடைசி ஆட்டம் அவர்களுடன்.

இந்தியப் படை யாழ்ப்பாணத்துக்குள் இறங்கிச் சண்டை தொடங்கிய காலம் அது. ஊரோடு தொடர்பே இல்லை. எங்கள் மாடிக்கட்டிடத்தில் தமிழரில் என் அறையில் மட்டும் தொலைபேசி இருந்தது. ஆட்டத்தன்று காலை மணி அடித்தது. கொழும்பிலிருந்து அண்ணையின் மச்சான். மேல்மாடிக்கு ஓடிப்போய் அண்ணையைக் கூட்டிவந்தேன்.

அவர் ரிசீவரைக் காதில் வைத்தார். "ஓம்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஓம்." பிறகு, "அவவுக்கு?" நெடுநேரம் கேட்டார். கடைசியாக, "சரி, வையுங்கோ," என்றார்.

நான் கதவடியில் நின்றேன்.

"ஷெல் விழுந்திட்டுதாம்," என்றார். "ரண்டு கிழமைக்கு முன்னம். மூத்தவன் போயிட்டான். மனிசிக்குக் காலில காயம். சின்னவளுக்கு ஒண்டுமில்லை."

அவருடைய கையைப் பிடித்தேன். கை சூடாக இருந்தது. அவர் கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"எத்தினை மணிக்கு மைதானத்துக்கு வான் வெளிக்கிடுது?"

"அண்ணை, இண்டைக்குப் போகவேண்டாம். நானும் நிக்கிறன். பங்குச் சுவாமியைக் கூப்பிடுவம்."

"வீட்டில இருந்து என்ன செய்யிறது? சுவரைப் பாக்கிறதோ? பொடியளுக்குச் சொல்லாதை."

மழை விட்டிருந்தது, ஆனால் மைதானம் தண்ணீர். காற்று கோலின் வலையைப் பிய்த்தது. கோட்டோரம் அந்தக் கிராமத்தார் முப்பது நாற்பது பேர் காப்பிக் குடுவைகளுடன் நின்றார்கள். நடுவர் வயதானவர். பந்து ஓடும் வேகத்துக்கு அவரால் ஓட முடியவில்லை.

ஆட்டம் தொடங்கியதும் அடியும் தொடங்கியது. எங்கள் இடப்பக்க ஆட்டக்காரனை இருவர் சேர்ந்து வேலிக்கு மேலால் தூக்கிப் போட்டார்கள். எங்கள் பக்கமும் சும்மா இருக்கவில்லை. எங்களுடைய டெனிஷ்காரர் ஒருவர் அவர்களுடைய தலைவனின் வயிற்றில் தலையால் மோதினார். நடுவர் ஊதினார், கையை ஆட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. அண்ணை மட்டும் அன்று அமைதியாக ஆடினார். ஒருவரையும் தொடவில்லை. பந்தை எடுத்தார், கொடுத்தார், தன் இடத்துக்குத் திரும்பி வந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு தாழ்வாக வந்த ஒரு பந்தை நான் பாய்ந்து பிடித்தேன். இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு கிடந்தேன். பண்ணைக்காரரின் மகன் ஓடிவந்த வேகத்தில் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஆணி வைத்த சப்பாத்தை என் வலக்கைமேல் வைத்து ஏறினான். என் விரல்கள் இரண்டு முறிவதை நான் கேட்டேன். அவன் கீழே பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னான். பிறகு உரத்து, நடுவருக்குக் கேட்கும்படி, மன்னிக்கவும் என்றான்.

அண்ணை வந்து என் கையைப் பார்த்தார். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் பிழையான பக்கம் திரும்பியிருந்தன.

"எழும்புவியோ?"

"எழும்புவன்."

"மற்றக் கையால பிடி," என்றார்.

அடுத்த பந்து அவனிடம்தான் வந்தது. நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், முதுகை எங்களுக்குக் காட்டி, காலை ஊன்றி நின்று பந்தை எடுத்தான். திரும்பினான். அண்ணை பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்றார். நான் கோலிலிருந்து முழுவதையும் பார்த்தேன். அவர் பந்தைப் பார்க்கவில்லை. ஓடிப்போய், இரண்டு காலும் நிலத்திலிருந்து எழ, அவனுடைய ஊன்றிய காலின் மேல் இறங்கினார்.

காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம். காற்றையும் மீறி அது கோல் வரைக்கும் வந்தது. அவன் உடனே கத்தவில்லை. எழும்பப் பார்த்தான். பாதம் வேறொரு பக்கம் கிடப்பதைக் கண்ட பிறகுதான் கத்தினான். தன் தாயைக் கூப்பிட்டுக் கத்தினான்.

சனம் உள்ளே வந்தது. அவனுடைய தகப்பன் மூலைக் கொடிக்கம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். முதல் அடி எங்கள் இடப்பக்க ஆட்டக்காரனுக்கு விழுந்தது. அவன் ஒன்றுமே செய்திருக்கவில்லை. காது கிழிந்தது. காப்பிக் குடுவையால் ஒருவர் எங்கள் பயிற்சியாளரை அடித்தார். எங்கள் வான் வண்டியின் கண்ணாடிகள் உடையும் சத்தம் கேட்டது. நான் ஒற்றைக் கையுடன் கூட்டத்துக்குள் புகுந்தேன். யாரையோ அடித்தேன். யாரோ என் கழுத்தைப் பிடித்து நிலத்தில் அழுத்தினார்கள். வாய்க்குள் சேறு.

அங்கே கிடந்துதான் அண்ணையைப் பார்த்தேன். கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். தகப்பன் கொடிக்கம்பால் அடித்தார். தோளில், முகத்தில், திரும்பவும் முகத்தில். அண்ணை கையை உயர்த்தவில்லை. தலையைத் திருப்பவில்லை. கம்பு முறிந்தது. தகப்பன் முறிந்த துண்டைப் பார்த்தார், பிறகு அண்ணையைப் பார்த்தார், பிறகு கீழே போட்டுவிட்டு மகனிடம் போனார்.

எங்கள் எல்லோரையும் ஹொல்ஸ்டெப்ரோ ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். அவனை உள்ளே அறுவைக்கு எடுத்தார்கள். எங்களை வெளியே வாங்குப் பலகையில் இருத்தினார்கள். அண்ணையின் புருவத்தில் தையல். உதடு பிளந்திருந்தது. என் விரல்களுக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். எதிரே அவனுடைய தாய் இருந்தார். மாட்டுத் தொழுவத்திலிருந்து அப்படியே வந்திருக்கவேண்டும், காலில் ரப்பர் சப்பாத்து. எங்களை அவர் திட்டவில்லை. என்னைப் பார்த்து, "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அண்ணை என் முழங்காலைப் பிடித்து அழுத்தினார்.

"பிள்ளையின்ரை கதையைச் சொல்லாதை," என்றார் தமிழில்.

"ஏன் அண்ணை? தெரிஞ்சா விளங்கிக்கொள்ளுவினம்."

"என்னத்தை விளங்கிறது? அவன்ரை காலுக்கும் என்ரை பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீ அதை எடுத்து இதுக்குள்ள போடாதை."

நான் அந்தத் தாயைப் பார்க்காமல் என் கைக்கட்டைப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். அரச மொழிபெயர்ப்பாளர் அன்று ஓல்போர்க்கிலிருந்து வரமுடியவில்லை. முதல் விசாரணைதானே, நீயே சொல் என்று என்னை இருத்தினார்கள். விசாரித்தவர் பொறுமையான மனிதர். தானும் பந்தடித்தவர் என்றார். ஈரமான மைதானம், வழுக்கியிருக்கும், இப்படி நடக்கிறது வழமை என்றார். அவர் எங்களுக்கு ஒரு வாசலைத் திறந்துவிடுகிறார் என்று எனக்கு விளங்கியது. குற்றம் பதிவானால் மனைவியின் விண்ணப்பத்துக்குப் பிரச்சினை வரலாம் என்பதையும் சாடையாகச் சொன்னார்.

"அப்ப இது உஹெல், அப்படித்தானே?" என்று கேட்டார். உஹெல் என்றால் விபத்து.

நான் அண்ணையிடம் திரும்பினேன். "அண்ணை, வழுக்கினதெண்டு சொல்லுங்கோ. அவரே எழுதித் தாறார். ஊரில இருக்கிற அக்காவையும் பிள்ளையையும் யோசியுங்கோ."

அண்ணைக்கு டெனிஷ் நூறு சொல்கூடத் தெரியாது. ஆனால் அந்தச் சொல் தெரிந்திருந்தது. மேசைக்கு மேலால் நேராக அந்தப் பொலிஸ்காரரைப் பார்த்தார்.

"நை," என்றார். இல்லை. "இக்க உஹெல்." விபத்து இல்லை.

பொலிஸ்காரர் பேனையை வைத்தார்.

"சொல்லு தம்பி," என்றார் அண்ணை என்னிடம். "வடிவாச் சொல்லு. உடைக்கவேணும் எண்டுதான் போனனான். உடைச்சனான். வழுக்கேல்லை."

"அண்ணை."

"ஒரு வருசமாக் கேக்கிறன், என்ரை விண்ணப்பத்தை ஆர் வைச்சிருக்கிறது எண்டு. ஒருத்தரும் நான் எண்டு சொல்லேல்லை. அங்கை ஷெல் அடிச்சவனும் சொல்லமாட்டான். எல்லாம் தானா நடக்குது. இது தானா நடக்கேல்லை. நான் செய்தனான். நான் எண்டு எழுதச் சொல்லு."

நான் முதல் பகுதியை மட்டும் டெனிஷில் சொன்னேன். ஷெல்லையும் விண்ணப்பத்தையும் விட்டுவிட்டேன், அவர் ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டபடி. பொலிஸ்காரர் நெடுநேரம் எழுதினார். வாசித்துக் காட்டினார். அண்ணை கையெழுத்து வைத்தார்.

பனிக்காலத்தில் தீர்ப்பு வந்தது. ஒத்திவைத்த சிறைத்தண்டனை. மாவட்டச் சங்கம் அவரை இனி எந்த அணியிலும் ஆடக்கூடாது என்று தடைசெய்தது. கொடிக்கம்பால் அடித்த தகப்பனுக்கும் தண்டனை வந்தது. கழகம் எங்கள் அணியைக் கலைத்துவிட்டது. தமிழர் சிலருக்கு அண்ணைமேல் கோபம். எங்களுடைய பெயரையும் கெடுத்துப்போட்டான் என்று பூசை முடிந்து வெளியே நின்று கதைத்தார்கள். அவர் அதைக் கேட்டும் கேளாதவர் போல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார்.

அவனுக்குக் காலில் தகடு வைத்தார்கள். கோடையில் வேலைக்குத் திரும்பி வந்தான். மேலாளர் எங்களைப் பிரித்து வைப்பார் என்று நினைத்தேன். பிரிக்கவில்லை. பழைய இடங்களிலேயே நின்றோம். அவன் ஒரு காலைக் கொஞ்சம் இழுத்தான். என் இரண்டு விரல்கள் மடியவில்லை. நான் தள்ளும் உடலை அவன் கொக்கியால் தேவைக்கு அதிகமாக வெடுக்கென்று இழுப்பான். நானும் தேவைக்கு அதிகமாகத் தள்ளுவேன்.

அதற்கு அடுத்த வருடம் விண்ணப்பங்கள் திடீரென நகரத் தொடங்கின. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்துவிட்டது, வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். அண்ணையின் மனைவிக்கும் மகளுக்கும் அனுமதி வந்தது. தண்டனையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அக்கா வந்து மூன்றாவது நாள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மெலிந்த பெண். காயப்பட்ட காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தா. சோறு போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டா.

"கொழும்பிலயிருந்து என்ரை அண்ணா ரெலிபோன் எடுத்தது உங்கட அறைக்கோ?"

"ஓம் அக்கா."

"கேட்டிட்டு இவர் என்ன செய்தவர்?"

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பந்தடிக்கப் போனனான்," என்றார் அவரே.

அக்கா அகப்பையை மெதுவாகச் சட்டிக்குள் வைத்தா. எழும்பி வந்தா. முதல் அறை கன்னத்தில் விழுந்தது. அண்ணை எழும்பி நின்றார், ஓடுவதற்கு அல்ல. அவ இரண்டு கையையும் பொத்தி அவருடைய நெஞ்சில் குத்தினா. "நான் அவனைத் துணியில பொறுக்கிக் கட்டினனான்," என்றா. குத்தினா. "தனிய நிண்டு குழி வெட்டித் தாட்டனான். நீங்கள் பந்தடிச்சனீங்களோ?" சத்தம் போடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, வேலை செய்கிறவர்களைப் போலக் குத்தினா. அவருடைய சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. பிளந்து ஆறிய உதட்டில் ஒரு குத்து விழுந்து திரும்ப இரத்தம் வந்தது. அவர் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். சின்ன மகள் கட்டிலடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இடையில் போகப் பார்த்தேன். அண்ணை, "இரு தம்பி," என்றார்.

கை ஓய்ந்ததும் அக்கா நிலத்தில் இருந்தா. பிறகு என்னிடம் கேட்டா.

"இங்கத்தைச் சனம் சொல்லிச்சினம். அந்தக் கால் உடைஞ்ச பெடியன் நடக்கிறானோ?"

"நடக்கிறான் அக்கா. வேலைக்கு வாறான்."

"தாய் இருக்கிறாவோ?"

"இருக்கிறா."

தலையை ஆட்டினா. முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அண்ணையிடம் நீட்டினா. அவர் உதட்டைத் துடைத்தார். பிறகு நால்வரும் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டோம்.

அவர்கள் ஓல்போர்க்குக்குக் குடிபோனார்கள். அண்ணைக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. நான் ஹொல்ஸ்டெப்ரோவிலேயே இருந்தேன். சில வருடங்கள் போய் ஒரு தை மாதம், தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் எல்லோரும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விண்ணப்பங்களைக் கிடப்பில் போட்ட அந்தத் தமிழர் வழக்கால் பிரதமர் பதவி விலகிவிட்டார், அரசாங்கமே போய்விட்டது. அறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பண்ணைக்காரரின் மகன் காலை நீட்டிப்போட்டு ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அது உங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள்தானா?" என்று கேட்டான்.

"ஓம்," என்றேன் தமிழில், என்னை அறியாமல். பிறகு டெனிஷில் சொன்னேன்.

அவன் ஒருமுறை திரையைப் பார்த்தான். சாப்பிட்டு முடித்தான். நாங்கள் வேலைக்குத் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் ஓல்போர்க்குக்குத் தொலைபேசி எடுத்தேன். அக்கா எடுத்தா. பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாத்தனாங்கள்," என்றா. "அவர் கொஞ்ச நேரம் பாத்தார். கிடப்பில போட்டது ஆரெண்டு இப்ப சொல்லுகினமோ எண்டு கேட்டார். பிள்ளை டெனிஷ் செய்தியைக் கேட்டுப்போட்டு, எல்லாரும் மற்ற ஆக்களைத்தான் சொல்லுகினம் அப்பா எண்டாள். டிவியை நிப்பாட்டிப்போட்டு வேலைக்குப் போயிட்டார்."